குழந்தைக்கு வாரத்துக்கு எத்தனை நாள் நீச்சல் வகுப்பு? பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சியில் 14 ஆண்டுகளாகச் சின்னப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுக்கிறேன். ஏப்ரல் பிறந்துவிட்டால் தொலைபேசி ஓயாது. கட்டணம் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே பாதிப் பேர் கேட்பது, "வாரத்துக்கு எத்தனை நாள் அனுப்பணும் மேடம்?" என்பதுதான். போனில் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடிக்க முடியாத பதில் அது. அதனால் அந்தக் கேள்வியையும், கூடவே வரும் மற்றக் கேள்விகளையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

சுருக்கமாகச் சொல்லுங்கள், வாரத்துக்கு எத்தனை நாள்?

புதிதாகக் கற்கிற பிள்ளைக்கு வாரம் மூன்று நாள், முடிந்தால் நான்கு. இப்படி இரண்டு மாதம் விடாமல் வர வேண்டும். 25 மீட்டரை நிற்காமல், நடுவில் மூச்சு எடுத்து நீந்தத் தொடங்கியதும் வாரம் ஒரு நாள், இரண்டு நாள் என்று குறைத்துக்கொள்ளலாம்.

நாள் கணக்கைவிட நான் அதிகம் பார்ப்பது இரண்டு வகுப்புக்கு நடுவில் எத்தனை நாள் போகிறது என்பதைத்தான். தொடக்கத்தில் மூன்று நாளுக்கு மேல் இடைவெளி விழக் கூடாது. செவ்வாய், வியாழன், சனி என்று வருகிற பிள்ளையும், வெள்ளி, சனி, ஞாயிறு என்று சேர்ந்தாற்போல வந்துவிட்டு நான்கு நாள் காணாமல் போகிற பிள்ளையும் மாதக் கணக்கில் ஒரே எண்ணிக்கைதான் வருகிறார்கள். முதல் பிள்ளைதான் முன்னால் போகிறது. நாங்கள் இதை ஒவ்வொரு பேட்ச்சிலும் பார்க்கிறோம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூட்டி வந்தால் போதாதா? எங்களுக்கு அன்றுதான் முடியும்.

நீச்சல் தெரிந்த பிள்ளைக்குப் போதும். தண்ணீரில் முகம் வைக்கத் தெரியாத பிள்ளைக்குப் போதாது. ஏன் என்று ஒரு சிறுமியை வைத்துச் சொல்கிறேன்.

ஏழு வயது. ஞாயிறு மட்டும் வருவாள். முதல் நாள் குளத்தின் படியில் உட்கார்ந்தபடியே அரை மணி நேரம் போனது. கடைசிப் பத்து நிமிடத்தில் தாடை, அப்புறம் வாய், அப்புறம் மூக்கு என்று தண்ணீருக்குள் இறக்கி நான்கைந்து குமிழி விட்டாள். மகிழ்ச்சியாக அனுப்பினேன். அடுத்த ஞாயிறு வந்தவள் அதே படியில், இரண்டு கையையும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றாள். மறுபடியும் தாடையிலிருந்து தொடங்கினோம். நான்காவது ஞாயிறும் வகுப்பின் பாதி நேரம் பழைய இடத்துக்கு வந்து சேரவே சரியாக இருந்தது. பிள்ளைக்கு அறிவு இல்லை என்பதல்ல விஷயம். முகத்தில் தண்ணீர் பட்டதும் மூச்சு அடைத்து உடம்பு விறைக்கிறது. அந்த விறைப்பு தளர்வதற்கு, "போன தடவை ஒன்றும் ஆகவில்லை" என்ற நினைவு சூடு ஆறாமல் இருக்க வேண்டும். ஏழு நாளில் அது ஆறிப் போய்விடுகிறது.

காலாண்டு விடுமுறை வந்தபோது அவள் அம்மாவிடம் பேசி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூட்டி வரச் சொன்னேன். விடுமுறை முடிந்த பிறகும் மாலையில் வந்தார்கள். ஒன்பதாவது வகுப்பிலோ பத்தாவதிலோ, சுவரோரக் கம்பியைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். சுண்டுவிரல் மட்டும் கொஞ்ச நேரம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் விட்டு, முகம் குப்புற, கை காலை நீட்டி மிதந்தாள். எழுந்து கண்ணைக் கூடத் துடைக்காமல், "எவ்வளவு எண்ணினீங்க?" என்று கேட்டாள். ஆறு எண்ணியிருந்தேன்.

ஆகவே ஞாயிறு மட்டும்தான் முடியும் என்றால் என் யோசனை இது: ஆண்டு முழுக்க ஞாயிறு ஞாயிறாக இழுக்காதீர்கள். காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு விடுமுறைகளில் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுத்து அப்போது நெருக்கமாக அனுப்புங்கள். அடித்தளம் விழுந்த பிறகு ஞாயிறு வகுப்பு நன்றாகவே பயன்படும்.

அப்படியானால் தினமும் அனுப்பிவிடலாமே?

அனுப்பலாம், தவறில்லை. தினமும் ஒரு முறைக்கு மேல் வேண்டாம். காலை ஒரு வகுப்பு, மாலை ஒரு வகுப்பு என்று இரட்டிப்பாக்கினால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று நினைக்கிற அப்பாக்கள் இருக்கிறார்கள்.

பிரிட்டனில் தபால்காரர்களுக்குத் தட்டச்சு கற்பித்து ஓர் ஆய்வு செய்தார்கள், 1978-இல் வெளியானது. ஒரு குழு தினமும் ஒரு மணி நேரம் பழகியது. இன்னொரு குழு தினமும் இரண்டு மணி நேரமாக இரண்டு முறை, அதாவது நான்கு மணி நேரம் பழகியது. தினமும் ஒரு மணி நேரம் பழகியவர்களுக்கு அதே திறமையை அடையக் குறைவான மணி நேரமே தேவைப்பட்டது. நாள்தான் அதிகம் ஆனது. தட்டச்சுக்கும் நீச்சலுக்கும் வித்தியாசம் உண்டு என்றாலும், கையும் காலும் பழக வேண்டிய எந்த வேலையிலும் நான் பார்ப்பது இதுதான். நேற்று வராத மூச்சு, ஒரு இரவு தூங்கி எழுந்து வந்தால் தானாக வருகிறது.

தினமும் வருவதில் ஒரே ஒரு எச்சரிக்கை. ஏழெட்டு நாள் தொடர்ந்தபின் பிள்ளைக்குத் தோள் வலி, கண் எரிச்சல், சலிப்பு தெரிந்தால் ஒரு நாள் விட்டுவிடுங்கள். பல குளங்களில் பராமரிப்புக்காக வாரம் ஒரு நாள் விடுமுறை விடுகிறார்கள். அந்த ஓய்வு பிள்ளைக்கும் நல்லதுதான்.

12 நாள் கோடை முகாமில் நீச்சல் வந்துவிடுமா?

இதற்கு மட்டும் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான குடும்பங்களுக்கு நீச்சல் வகுப்பு என்றாலே கோடை முகாம்தான்.

ஒரு கணக்குப் போடுங்கள். வகுப்பு ஒரு மணி நேரம். ஷவரில் நனைந்து, வரிசையில் நின்று, கை கால் உதறி, தண்ணீரில் இறங்கப் பத்து நிமிடம். மீதி ஐம்பது. ஒரு கோச்சுக்குப் பதினைந்து பிள்ளைகள் என்று வையுங்கள். கோச் ஒவ்வொரு பிள்ளையாகப் பிடித்து நீந்தவைத்தால் ஆளுக்கு மூன்று நிமிடம் சொச்சம். 12 நாளுக்குச் சேர்த்து நாற்பது நிமிடம். நீங்கள் 12 மணி நேரம் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைக்குக் கிடைத்த கவனிப்பு நாற்பது நிமிடம். மற்ற நேரமெல்லாம் சுவரைப் பிடித்துக்கொண்டு தன் முறைக்குக் காத்திருந்தது.

இதனால்தான் "எத்தனை நாள்" என்ற கேள்வியோடு "ஒரு கோச்சுக்கு எத்தனை பிள்ளைகள்" என்பதையும் கேட்கச் சொல்கிறேன். ஆறு வயதுக்குக் கீழே என்றால் நான்கு பேர், அதற்கு மேலே என்றால் ஆறேழு பேர் என்பது நான் வைத்திருக்கும் அளவு. நல்ல கோச் என்றால் பதினைந்து பேரையும் ஒரே நேரத்தில் சுவரோரம் கால் அடிக்கவைப்பார், ஒரு பக்கம் குமிழி விடவைப்பார், மறு பக்கம் கிக் போர்டு (பிடித்துக்கொண்டு கால் அடிக்கிற மிதவைப் பலகை) கொடுத்து அனுப்புவார். யாரும் சும்மா நிற்க மாட்டார்கள். சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் போய் வெளியே நின்று பாருங்கள். ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கவனியுங்கள். ஒரு மணி நேரத்தில் அந்தப் பிள்ளை எத்தனை நிமிடம் அசைந்துகொண்டிருந்தது என்று கைக்கடிகாரத்தில் பாருங்கள். அதில் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

சரி, 12 நாளில் என்னதான் வரும்? பயம் இல்லாத எட்டு வயதுப் பிள்ளை, சின்ன பேட்ச் என்றால் மிதக்கவும், கால் அடித்துப் பத்துப் பதினைந்து மீட்டர் போகவும் வந்துவிடும். பக்கவாட்டில் மூச்சு எடுப்பது பெரும்பாலும் வராது. ஒரே மூச்சில் கண்ணை மூடிக்கொண்டு சுவர்வரை போய்விடுகிற பிள்ளையைப் பார்த்து "நீச்சல் கத்துக்கிட்டான்" என்று முடிவு கட்டிவிடுகிறோம். மூச்சு தீர்ந்த இடத்தில் சுவர் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? மூச்சு எடுக்கத் தெரியாதவரை நீச்சல் தெரியாது என்றே நான் கணக்கில் வைக்கிறேன்.

முகாம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு முகாமை முழு நீச்சலாக நினைக்காதீர்கள். அடுத்தடுத்து இரண்டு பேட்ச் சேர்த்துவிடுங்கள். ஏப்ரலில் ஒன்று, மே மாதத்தில் ஒன்று. இரண்டாவது 12 நாளில்தான் பெரும்பாலான பிள்ளைகளுக்கு மூச்சு பிடிபடுகிறது.

நீச்சல் வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சான்றிதழை வைத்து முடிவு செய்யாதீர்கள். அமெரிக்க செஞ்சிலுவைச் சங்கம் ஐந்து காரியங்களை அளவாக வைத்திருக்கிறது. தலைக்கு மேலான ஆழத்தில் குதித்தோ இறங்கியோ முழுதாக உள்ளே போவது. மேலே வந்து ஒரு நிமிடம் மிதப்பது, அல்லது கால் எட்டாத இடத்தில் கை காலை அசைத்து, நிமிர்ந்தபடியே தலையை வெளியே வைத்திருப்பது. ஒரு முழு வட்டம் திரும்பி எந்தப் பக்கம் ஏறலாம் என்று பார்ப்பது. அந்தப் பக்கம் 25 கஜம் நீந்துவது. ஏணி இல்லாமல் கரை ஏறுவது. ஐந்தையும் ஒரே தொடராக, நடுவில் எதையும் பிடிக்காமல் செய்ய வேண்டும்.

கடைசிக் காரியத்தில்தான் நம் பிள்ளைகள் அதிகம் தோற்கிறார்கள். நன்றாக நீந்தி வந்து குளத்து விளிம்பைப் பிடித்தபின் உடம்பைத் தூக்கி ஏறக் கையில் பலம் இருக்காது. எந்நேரமும் படிக்கட்டு வழியாகவே ஏறிப் பழகியிருப்பார்கள். உங்கள் கோச்சிடம் இதைத் தனியாகக் கேட்டுப் பழக்குங்கள்.

நெதர்லாந்தில் பிள்ளைகள் வாங்குகிற முதல் நீச்சல் சான்றிதழுக்கு உடை, காலணியோடு நீந்திக் காட்ட வேண்டும். எங்கு பார்த்தாலும் கால்வாய் உள்ள நாடு. விழுகிற பிள்ளை ஸ்விம் சூட் போட்டுக்கொண்டு விழாது என்று அவர்களுக்குத் தெரியும். அதை அறிந்தபின் நானும் ஒவ்வொரு பேட்ச்சின் கடைசி நாளில் பிள்ளைகளைத் துவைத்த பழைய பேண்ட், சட்டையோடு இறக்குகிறேன். கால் கனக்கிறது என்று திகைத்துப் போவார்கள். அந்தத் திகைப்பு என் கண் முன்னால், கை எட்டும் தூரத்தில் நடந்துவிடட்டும் என்பதுதான் என் எண்ணம்.

மே மாதம் முகாம் முடிந்துவிட்டது. அடுத்த மே வரைக்கும் விட்டுவிடலாமா?

இந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். விட்டுவிடாதீர்கள்.

எங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். மே மாதம் பிள்ளை முகாமுக்குப் போகிறது. அப்போது காவிரி பெரும்பாலும் மணல். மேட்டூரில் தண்ணீர் இருக்கும் ஆண்டுகளில் ஜூன் 12 அணை திறக்கும் நாள். 2022-இல் மே 24-லேயே திறந்தார்கள். சில நாளில் முக்கொம்பு வழியாகத் தண்ணீர் வந்து கல்லணைக்குப் போய்விடுகிறது. ஆடி பதினெட்டுக்கு அம்மா மண்டபம் படித்துறையில் நிற்க இடம் இருக்காது. ஆக, முகாமில் "எனக்கு நீச்சல் தெரியும்" என்ற தைரியம் வந்த இரண்டாவது மாதமே ஊரெல்லாம் தண்ணீர். ஆனால் வகுப்பு மே 31-உடன் நின்றுவிட்டது. திறமை தேய்ந்துகொண்டே போகிறது, தைரியம் மட்டும் அப்படியே இருக்கிறது. நான் பயப்படுவது இதற்குத்தான்.

குளத்தில் கற்றதும் ஆற்றில் செய்ய வேண்டியதும் வேறு. குளத்தில் அடித்தளம் தெரியும், நீலக் கோடு தெரியும், சுவர் எங்கே என்று தெரியும். ஆற்றில் இரண்டடி தள்ளினால் மணல் அள்ளிய குழி. இழுப்பு வேறு. 25 மீட்டர் தட்டுத்தடுமாறி நீந்துகிற பிள்ளைக்கு அங்கே 5 மீட்டர் கூடக் கைகொடுக்காது.

அதனால் முகாமுக்குப் பிறகு ஜூனிலிருந்து செப்டம்பர் வரை வாரம் ஒரு நாளாவது தொடருங்கள். பள்ளி திறந்துவிட்டது என்பது புரிகிறது. சனிக்கிழமை காலை ஒரு மணி நேரம் போதும். அதுவும் முடியாது என்றால் மாதம் இரண்டு முறை குடும்பத்தோடு குளத்துக்குப் போய் அந்த ஐந்து காரியத்தையும் ஒரு முறை செய்யச் சொல்லிப் பாருங்கள். அதற்குக் கோச் தேவையில்லை, நீச்சல் தெரிந்த பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தண்ணீரில் இருந்தால் போதும்.

எந்த வயதில் தொடங்கலாம்? வயதுக்குத் தகுந்தாற்போல் நாள் மாறுமா?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் கழகம் ஒரு காலத்தில் நான்கு வயதுக்கு முன் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. பிறகு அதை மாற்றிக்கொண்டது. ஒரு வயது முதலே பல பிள்ளைகளுக்குத் தொடங்கலாம் என்பது அவர்களின் இப்போதைய நிலை. ஒன்றிலிருந்து நான்கு வயது வரையிலான பிள்ளைகளை வைத்து 2009-இல் வெளியான ஆய்வு ஒன்றில், முறையாக வகுப்புக்குப் போனவர்கள் மூழ்கி இறப்பது குறைவாகத் தெரிந்தது. ஒரு வயதுக்கு முன் வகுப்பால் அப்படி ஒரு பலன் இருப்பதாகச் சான்று இல்லை.

இவ்வளவு சின்ன வயதில் ஏன் என்று தாத்தா பாட்டிகள் கேட்பார்கள். உலக சுகாதார நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, ஆண்டுக்குச் சுமார் 3 லட்சம் பேர் தண்ணீரில் மூழ்கி இறக்கிறார்கள். அதில் கால்வாசி ஐந்து வயதுக்குக் கீழே.

நான் செய்வது இப்படி. மூன்று வயது வரை: வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், அம்மாவோ அப்பாவோ கூடவே தண்ணீரில். இதை வகுப்பு என்பதைவிடப் பழக்கம் என்று சொல்லலாம். நான்கு, ஐந்து வயது: வாரம் மூன்று நாள், அரை மணி முதல் நாற்பது நிமிடம். ஆறு வயதிலிருந்து பத்து வரை நீச்சல் ஏறுவதற்கு அருமையான காலம். வாரம் மூன்று, நான்கு நாள், ஒரு மணி நேரம் வரை. அதற்கு மேற்பட்ட பிள்ளைகள் தினமும் வந்தாலும் தாங்குவார்கள், சொன்னது சீக்கிரம் புரியும். பயம் மட்டும் சின்னவர்களைவிட ஆழமாக வேர்விட்டிருக்கும்.

குளிர்ந்து நடுங்குகிறான். இன்னும் பதினைந்து நிமிடம் இருக்கிறது, முடித்துவிட்டு வரட்டுமா?

வேண்டாம், உடனே வெளியே எடுங்கள். ஒல்லியான பிள்ளைகளுக்கு உடல் சூடு வேகமாக இறங்கிவிடும். உதடு நீலம் பாரித்தால், பல் கிட்டிக்கொண்டால் அன்றைக்கு வகுப்பு முடிந்தது. கட்டணம் வீணாகிறதே என்று பார்க்காதீர்கள். நடுங்குகிற பிள்ளை எதையும் கற்பதில்லை. டிசம்பர், ஜனவரியில் காலை ஆறு மணி வகுப்பைவிட மாலை நான்கு மணி நல்லது.

அழுகிறாள். சில நாள் நிறுத்திவிட்டு அப்புறம் அனுப்பலாமா?

நிறுத்தாதீர்கள், குறையுங்கள். நாளைக் குறைக்க வேண்டாம், நேரத்தைக் குறையுங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பதிலாக இருபது நிமிடம், ஆனால் வாரம் நான்கு நாள். ஒரு மாதம் நிறுத்தினால் பயம் வளர்ந்துதான் திரும்பி வரும்.

தூக்கிப் போட்டால் தானாக வரும் என்று சொல்கிற கோச்சிடம் அனுப்பாதீர்கள். அப்படிப் போட்டு, முப்பது வயதுவரை தண்ணீர்ப் பக்கமே போகாத பெண்கள் என்னிடம் கற்க வருகிறார்கள். பத்து வயதில் நடந்ததைச் சொல்லும்போது இன்றும் குரல் மாறுகிறது.

நாங்கள் எல்லாம் கிணற்றில் கற்றோம். எந்த கோச் இருந்தார்? வாரம் எத்தனை நாள் என்று யார் கணக்குப் பார்த்தார்கள்?

நானும் கிணற்றில் கற்றவள்தான். துறையூர்ப் பக்கம் எங்கள் தாத்தா வீட்டுக் கிணறு. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைக் கட்டி, இடுப்பில் கயிறு போட்டு, கயிற்றின் மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டு தாத்தா மேலே நிற்பார். ஒரு வாரம் கழித்து ஒரு குடுக்கை. பிறகு அதைவிடச் சின்னது. ஒரு நாள் குடுக்கை இல்லாமல் கயிறு மட்டும். அடுத்த வாரம் கயிறும் இல்லை. ஆனால் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடைசிப் படியில் நின்றார்.

இப்போது யோசித்தால், அது எவ்வளவு நல்ல வகுப்பு என்று தெரிகிறது. முழு ஆண்டு விடுமுறையில் தினமும், ஒரு நாள் விடாமல். ஒரு பிள்ளைக்கு ஒரு பெரியவர். தன் முறைக்குக் காத்திருப்பது கிடையாது. நான் மேலே சொன்ன அத்தனையும் அதில் இருந்தது. இன்றைக்குக் கிணற்றில் கற்றுத்தர ஆளும் நேரமும் இருந்தால், கயிறும் இருந்தால், வகுப்பே வேண்டாம் என்பேன். பெரியவர் யாரும் இல்லாமல் பிள்ளைகள் தாங்களாகவே கிணற்றில் இறங்கிப் பழகுவதை மட்டும் ஏற்க முடியாது.

சளி, காது வலி, தோல் அரிப்பு. வகுப்பை விட வேண்டுமா?

லேசான மூக்கொழுகல் என்றால் வரலாம். காய்ச்சல், காது வலி, காதில் சீழ் என்றால் வேண்டாம். காதுச் சவ்வில் ஓட்டை இருந்தால் மருத்துவர் சொல்லும்வரை இறங்கவே கூடாது. வயிற்றுப்போக்கு நின்ற பிறகும் சில நாள் பொறுங்கள், மற்றப் பிள்ளைகளுக்காக. தோல் காய்ந்தால் வகுப்புக்கு முன் நல்ல தண்ணீரில் குளித்து, முடிந்ததும் மறுபடி குளித்துத் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். வலிப்பு வரும் பிள்ளை என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். மருத்துவர் சம்மதித்தால் வரலாம், ஆனால் அந்தப் பிள்ளைக்கென்று ஒருவர் தண்ணீரில் கூடவே இருக்க வேண்டும்.

மகள் வயதுக்கு வந்துவிட்டாள். நிறுத்திவிடலாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

ஒவ்வொரு ஆண்டும் என் பேட்ச்சில் நன்றாக நீந்துகிற பெண் பிள்ளைகள் ஆறாம் வகுப்பு, ஏழாம் வகுப்பில் ஒவ்வொருவராக நின்றுபோகிறார்கள். எனக்கு இது தாங்க முடியாத வருத்தம். ஆற்றில் துணி துவைக்கப் போவதும், தம்பி தங்கையைப் படித்துறைக்குக் கூட்டிப்போவதும் அந்தப் பிள்ளைதான். நீச்சல் அவளுக்குத்தான் கட்டாயம் வேண்டும்.

மாதத்தில் அந்த மூன்று நான்கு நாள் வராமல் இருந்துகொள்ளட்டும். டேம்பானோ கப்போ பயன்படுத்தத் தெரிந்தவள் என்றால் அந்த நாளிலும் வரலாம். நாப்கினோடு தண்ணீரில் இறங்க முடியாது, அவ்வளவுதான் விஷயம். உடம்பு மூடிய முழுக்கை, முழுக்கால் ஸ்விம் சூட் இப்போது எல்லா ஊரிலும் கிடைக்கிறது. பெண்களுக்கென்று தனி நேரம் உண்டா என்று குளத்தில் கேளுங்கள். இல்லையென்றால் நாலைந்து அம்மாக்கள் சேர்ந்து போய்க் கேளுங்கள். எங்கள் பெண்கள் பேட்ச் அப்படித்தான் தொடங்கியது. ஆறு அம்மாக்கள் ஒன்றாக வந்து நின்றார்கள்.

கையில் பணமும் நேரமும் கொஞ்சம்தான். எப்படிச் செலவழிப்பது?

ஆண்டுக்கு 24 வகுப்புக்குத்தான் வசதி என்றால், மாதம் இரண்டாகப் பரப்பாதீர்கள். எட்டு வாரத்தில் வாரம் மூன்றாக முடித்துவிடுங்கள். இன்னும் சிறப்பு, இருபதை நெருக்கமாக முடித்துவிட்டு நான்கை மாதத்துக்கு ஒன்றாக மீதி வைத்துக்கொள்வது.

வீட்டிலும் பழகலாம். வாயகன்ற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து முகத்தைப் பதித்துக் குமிழி விடுவது. மூக்கால் விட்டு, தலையைப் பக்கவாட்டில் திருப்பி வாயால் எடுப்பது. தினமும் ஐந்து நிமிடம். குளத்தில் ஒரு வாரம் மிச்சமாகும். முடித்ததும் அந்தத் தண்ணீரை உடனே கொட்டிவிடுங்கள். தவழுகிற குழந்தை உள்ள வீட்டில் கால் வாளித் தண்ணீரே போதும், உயிருக்கு ஆபத்து.

போட்டிக்குத் தயார்செய்ய வேண்டும். எட்டு வயதிலேயே தினமும் இரண்டு வேளை போடலாமா?

வேண்டாம். நான்கு வகை நீச்சலும் ஒழுங்காக வரட்டும். வாரம் நான்கு நாள் போதும், கூடவே ஓடியாடி விளையாடட்டும். தோள் வலி என்று சொன்னால் அலட்சியப்படுத்தாதீர்கள். இரண்டு வேளைப் பயிற்சியைப் பற்றிப் பதின்ம வயதில் பேசிக்கொள்ளலாம்.

மழைக்காலத்தில் குளத்தை மூடிவிடுகிறார்கள். திரும்ப எங்கே தொடங்குவது?

திறந்தவெளிக் குளங்கள் ஐப்பசி, கார்த்திகையில் அடிக்கடி மூடியிருக்கும். ஆறு வாரம், எட்டு வாரம் இடைவெளி விழுந்துவிடும். திறந்ததும் விட்ட இடத்திலிருந்து பிடிக்காதீர்கள், ஆழமான பக்கம் நேராக விடாதீர்கள். இடுப்பளவுத் தண்ணீரில் குமிழி, மிதப்பு, சுவரைப் பிடித்துக் கால் அடிப்பது என்று முதல் வகுப்பு முழுக்கப் பழையதைச் செய்யட்டும். இரண்டாவது வகுப்பில் மூச்சோடு பத்து மீட்டர். மூன்றாவதில் ஆழம், கோச் பக்கத்திலேயே வர. அந்த முதல் வாரம் மட்டும் மூன்று நாள் கூட்டி வாருங்கள். பிறகு பழையபடி வாரம் ஒன்று.